ரெண்டாயிரத்து ஐநூறு ரூபாய் முறுக்கு

மார்ச் கணக்கு முடிப்பு, அப்புறம் ஆடிட், அப்புறம் ஆடிட்டுக்கு பதில்னு ஆபீஸில் ஆணி ரொம்ப அதிகம். அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆணி பத்திப் பேசினதும் உங்களுக்கு நேசமணி ஞாபகம் வந்திருக்கும். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து நேசமணி தலையில் சுத்தியல் விழுந்ததுக்கு 2019-ல் உலகமே பிரார்த்தனை பண்ணுச்சே, அதுவும் ஒரு டூலில் ஆரம்பிச்ச கதைதான். இன்னிக்கு நான் எழுதப் போறதும் ஒரு டூலைப் பத்தி. டார்க் ரென்ச். தமிழில் டார்க் என்றால் முறுக்கு விசை. தலைப்பைப் பார்த்துட்டு பலகாரம்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும்.

பி.காம் படிச்சவனுக்கும் இந்த டூலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சக்கரம்தான் சம்பந்தம். அந்தக் கதையை முதலில் சொல்லிடறேன்.

2019 டிசம்பர். அப்பாவும் அம்மாவும் கோயமுத்தூரிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் வர்றாங்க. ஜலந்தரிலிருந்து காரில் போய் கூட்டிட்டு வரணும். தூரமான பயணமாச்சே, முன்னால ஒரு தடவை டயரை எல்லாம் பார்த்துடலாம்னு முந்தின நாள் ஒரு டயர் கடையில் விட்டேன். நாலு சக்கரத்தையும் இடம் மாத்திப் போட்டு, காத்து பிடிச்சுக் கொடுத்தாங்க. கடையில் ஒரே கூட்டம். ஒரு பையன் காத்து கன்னில் 'ட்ர்ர்ர்'னு ரெண்டு சக்கரத்தை இறுக்கினான். அதுக்குள்ள கன்னை வேற யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. மீதி ரெண்டையும் கையால் முடுக்கிவிட்டான். நானும் பக்கத்தில் நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்போ எனக்கு அதில் ஒண்ணும் தப்பாத் தெரியலை.

மறுநாள் ராத்திரி, பஞ்சாப் பனிமூட்டம். லூதியானா தாண்டி, கன்னா வர்றதுக்குள்ள முன்பக்கம் இடது பக்கத்திலிருந்து 'டக் டக்'னு ஒரு சத்தம். ஸ்டியரிங்கில் லேசா ஒரு நடுக்கம். பின் சீட்டில் பாப்பா தூங்கிட்டிருக்கா. "ஏனுங்க, வண்டி ஏதோ ஆடற மாதிரி இருக்குதுங்க" என்றாள் மனைவி. பனிக்காக மெதுவாத்தான் போயிட்டிருந்தோம். அது புண்ணியம். அடுத்த தாபாவில் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தா, நாலு நட்டில் ஒண்ணைக் காணோம். ரெண்டு நட்டு விரலால் சுத்தினாலே சுத்துது.

தாபா வாசலில் வரிசையா லாரிகள். அதில் ஒண்ணு டிஎன் 28. நாமக்கல் வண்டி! எங்க ஊரு வண்டி. அந்த டிரைவர் அண்ணன் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ஏனுங்க சார், வீலு கழண்டு வண்டிக்கு முன்னால ஓடறதைப் பாத்திருக்கறீங்களா? நாங்க பாத்திருக்கறோம்" என்றார். இருந்த மூணு நட்டையும் இறுக்கிக் கொடுத்தார். மத்த சக்கரத்தையும் பார்த்துடலாம்னு ஸ்பேனரை மாட்டினா, பின் சக்கரம் ரெண்டும் அசையவே இல்லை. ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிச்சும் அசையலை. கன்னில் இறுக்கின சக்கரங்கள் அவை. ஒரே கடை, ஒரே கார், ஒரே நாள். பாதி நட்டு கையில் கழலுது, பாதி நட்டு ஆள் ஏறி மிதிச்சாலும் கழலலை.

பேங்கில் இதைப் பார்த்தா என்ன சொல்லுவோம்? 'இன்டர்னல் கண்ட்ரோல்' இல்லைன்னு எழுதுவோம்.

ஊருக்குத் திரும்பினதும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். சித்தப்பா நாமக்கல்லில் 30 வருஷத்துக்கு மேல லாரிப் பட்டறையில் இருந்தவர். "கை சொல்லுமடா கண்ணு, போதும்னு. மரை போறதுக்கு முந்தி ஒரு இழுப்பு இழுக்கும், அதுதான் அளவு" என்றார். (மரை கழண்டவன்னு நாம ஒருத்தரைத் திட்டறோமே, அந்த மரைதான் இது. போல்ட்டின் புரி.) சரி, சித்தப்பாவுக்குக் கை சொல்லும். என் கை லெட்ஜர் புரட்டின கை. அது என்னத்தைச் சொல்லும்?

கைக்குப் பதிலா ஒரு கருவி சொல்லணும்னு முதலில் யாருக்குத் தோணியிருக்கும்னு தேட ஆரம்பிச்சேன். காரில் வேலை செய்தவங்களா இருப்பாங்கன்னு நினைச்சேன். இல்லை. தண்ணிக் குழாயில் வேலை செய்தவர்!

நியூயார்க் நகரத் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்தவர் கான்ராட் பார். பெரிய குழாய்களை இணைக்கிற இடத்தில் வட்டமா போல்ட்டுகள் இருக்கும். ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரி இறுக்கிட்டுப் போவாங்க. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மின்னு ஆனா இணைப்பு கோணி, தண்ணி கசியும். இதைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போய், ஒரு அளவுக்கு மேல இறுக விடாத கருவியை 1918-லேயே தான் செய்துட்டதா அவர் பின்னாடி சொன்னார். ஆனா காகிதத்தில் முதலில் பதிஞ்சவர் வேற ஆள். சிகாகோவைச் சேர்ந்த ஜான் ஷார்ப் 1931-ல் காப்புரிமைக்கு மனு போட்டார். அவருடையது எவ்வளவு முறுக்கு விழுதுன்னு காட்டற வகை. 1935-ல் பாரும், அவர் கூட்டாளி ஜார்ஜ் ஃபெஃபர்லே என்கிற இன்ஜினியரும் வேண்டிய அளவை நாமே வச்சுக்கிற மாதிரி ஒண்ணு கொண்டுவந்தாங்க. அந்த அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும். இன்னிக்கு நாம வாங்கற 'டிக்' ரென்ச்சுக்குப் பாட்டன் அதுதான்.

அதே காலத்தில் கிரைஸ்லர் கார் கம்பெனியில் இன்னொரு வகை. ஒரு நீளக் கம்பி வளையும், பக்கத்தில் வளையாத ஒரு முள் எண்ணைக் காட்டும். அவ்வளவுதான் அதன் மொத்த இயந்திரம். கிரைஸ்லரிடம் உரிமை வாங்கி அதைச் செய்து விற்றவர் பால் ஸ்டர்டிவன்ட். இந்த வகையில் ஸ்பிரிங்கோ பல்சக்கரமோ இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை. இன்னிக்கும் விலை கம்மியான வகைகளில் நம்பிக்கையானது எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். ஆனா காருக்கடியில் படுத்துக்கிட்டு முள்ளை நேராப் பார்க்கிறது நம்ம வயசுக்கும் தொப்பைக்கும் கொஞ்சம் சிரமம் :-)

ஏன் எல்லாம் 1930-களிலேயே வந்துச்சு? எனக்குப் புரிஞ்ச வரைக்கும், அதுக்கு முன்னால 'இத்தனை முறுக்கு'ன்னு ஒரு எண்ணைச் சொல்லவே வழி இல்லை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் எல்லா போல்ட்டுக்கும் பொதுவா ஒரு மரை அளவை முன்வைக்கிற வரைக்கும் ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு மரை அளவைச் சொன்னது 1864-ல். மரை ஒண்ணானாத்தானே முறுக்கும் ஒண்ணாகும்! பிறகு கார் எஞ்சின்களுக்குள் அழுத்தம் கூடக்கூட, மேல் மூடியை ஒரே சீரா இறுக்கலைன்னா கேஸ்கெட் ஊத ஆரம்பிச்சது. இரண்டாம் உலகப்போர் வந்தப்போ ஆயிரக்கணக்கில் விமான எஞ்சின்களைப் பூட்டணும். பூட்டறவங்க எல்லாரும் 30 வருஷ அனுபவம் உள்ள சித்தப்பாக்களா இருக்க முடியாது. கருவிதான் ஒரே வழி.

இதுக்கெல்லாம் அடியில் இருக்கிற சூத்திரம் இன்னும் பழசு. ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கிறோமோ அதே விகிதத்தில்தான் அது திருப்பி இழுக்கும்னு ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்டார். டிக் ரென்ச்சின் கைப்பிடிக்குள் இருக்கிறது ஒரு ஸ்பிரிங். கைப்பிடியைத் திருகினா ஸ்பிரிங் அமுங்கும், அந்த அமுக்கத்தை மீறி முறுக்கு வந்ததும் உள்ளே ஒரு துண்டு சாய்ஞ்சு 'டிக்'குன்னு தட்டும். எனக்கு இதைவிட ஆச்சரியமா இருந்தது இன்னொண்ணு. நாம இறுக்கற போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான்! இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுது. திரும்பச் சுருங்கப் பார்க்குது. அந்தச் சுருக்கம்தான் சக்கரத்தை ஹப்போட சேர்த்து அமுக்கிப் பிடிக்குது. காரைத் தாங்கறது போல்ட்டின் தடிமன்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லை, அந்த அமுக்கத்தால் ரெண்டு தகட்டுக்கும் நடுவில் வர்ற உராய்வுதான் தாங்குது. கம்மியா இறுக்கினா உராய்வு போதாமல் சக்கரம் நகர ஆரம்பிச்சு நட்டு கழலும். அளவுக்கு மேல இறுக்கினா போல்ட் ஒரேயடியா நீண்டுபோய், பிறகு சுருங்காது. கடன் அதிகமாக் கொடுத்துக் கெடுத்த பார்ட்டி மாதிரி.

சரி, கடைக்குப் போனேன். நான் இருக்கிற ஊர் ஜலந்தர். கைக்கருவிகளுக்குப் பேர்போன ஊர். (கிரிக்கெட் மட்டை, பந்துக்கும்தான். அது 1947-ல் சியால்கோட்டிலிருந்து வந்தவங்க கொண்டுவந்த தொழில்.) ஸ்பேனர், இடுக்கி, சுத்தியல்னு இங்கேயும் லூதியானாவிலும் அடிச்சு உலகம் பூரா அனுப்பறாங்க. மத்திய அரசு 1983-ல் கைக்கருவிகளுக்குன்னே ஒரு மத்திய நிறுவனத்தை இங்கேதான் ஆரம்பிச்சது. ஸ்டாக் இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும்போது பழுக்கக் காய்ச்சின இரும்பு ஒரே அடியில் ஸ்பேனரா மாறுறதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். கேட்டிருந்தா ஏதாவது ஒரு பார்ட்டி சும்மாவே ஒரு ரென்ச் கொடுத்திருப்பார். அப்புறம் அவர் லிமிட்டை ரெனியூ பண்ணும்போது அந்த ரென்ச் என் கழுத்தில் மாட்டும். அதனால மார்க்கெட்டில் போய் காசு கொடுத்து வாங்கினேன். 2,500 ரூபாய். 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. வெளிநாட்டுப் பேர்போன பிராண்டு 20,000-க்கு மேல சொன்னாங்க.

இப்போ கேள்வி. எட்டில் ஒரு பங்கு விலையில் வாங்கினது சரியாச் சொல்லுமா? டப்பாவுக்குள் ஒரு சர்டிபிகேட் இருந்துச்சு. சீரியல் நம்பர் இருக்கிற இடம் காலி. கையெழுத்து அச்சடிச்சது. இந்த மாதிரி சர்டிபிகேட்டை வச்சு நான் யாருக்காவது கடன் கொடுப்பேனா?

எங்க காலனியில் ஒரு சர்தார்ஜி இருக்கார். விமானப்படையில் டெக்னீஷியனா இருந்து ரிடையர் ஆனவர். அவர் வீட்டு காரேஜில் ஒரு பெரிய வைஸ் உண்டு. "மெனேஜர் சாப், கருவி சொல்றதை நம்பாதே, கருவியை எது சோதிச்சதுன்னு கேள்" என்று இந்தியில் சொல்லிட்டு வழியும் சொன்னார். ரென்ச்சின் தலையை வைஸில் கடிக்க வச்சு, கைப்பிடி தரைக்குச் சமமா படுத்திருக்கிற மாதிரி வை. கைப்பிடி நடுவில் எடை தொங்கவிடு. எடையை தூரத்தால் பெருக்கு. அவ்வளவுதான் முறுக்கு.

எடைக்கு என்ன பண்றது? வீட்டில் பெட்டி தூக்கிப் பார்க்கிற எலக்ட்ரானிக் தராசு இருக்கு. ஆனா அதை யார் சோதிச்சாங்க? ஆடிட்டரை யார் ஆடிட் பண்றதுங்கிற பழைய கேள்வி. அப்போதான் தெரு முனை மளிகைக் கடைக்காரரின் இரும்பு எடைக்கல் கண்ணில் பட்டுச்சு. அடியில் ஈயத்தில் முத்திரை. அந்த முத்திரைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கு தெரியுமா!

சுதந்திரம் வந்தப்போ இந்த நாட்டில் சேரும் மணங்கும் தோலாவும் பவுண்டும் ஒண்ணா ஓடிக்கிட்டிருந்தது. ஒரே பேரில் இருக்கிற சேரே ஊருக்கு ஊர் வேற எடை. 1956-ல் எடை, அளவுகள் தரச் சட்டம் போட்டாங்க. 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியா வந்தது. எங்க பாட்டி கடைசி வரைக்கும் 'வீசை'ன்னுதான் சொல்லுவாங்க. இப்போ நடப்பில் இருக்கிறது 2009-ல் நிறைவேறி 2011 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த சட்ட அளவியல் சட்டம். மளிகைக் கடைக் கல்லுக்கு இன்ஸ்பெக்டர் ஒரு கல் வச்சிருப்பார், அவர் கல்லுக்கு மேல ஒரு கல், அதுக்கும் மேல ஒண்ணு. இப்படியே ஏறிப் போனா டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டி 1950 ஜனவரியில் திறந்தது. அங்கே இருக்கிற 57-ம் எண் பிளாட்டினம்-இரிடியம் கட்டிதான் இந்தியாவின் கிலோ. 2019 மே 20-ல் உலகம் கிலோவுக்கே வரையறையை மாத்திடுச்சு, இப்போ அது உலோகக் கட்டியில் இல்லாமல் பிளாங்க் மாறிலியில் நிக்குது. அது பெரிய கதை, இன்னொரு நாள்.

கடைக்காரரிடம் 5 கிலோ கல் நாலும் 2 கிலோ கல் ஒண்ணும் இரவல் கேட்டேன். 'மெட்ராஸி சாப்புக்கு என்ன ஆச்சு'ன்னு ஒரு பார்வை பார்த்தார். கொடுத்தார்.

கணக்கைச் சொல்றேன், நீங்களும் செய்யலாம். 20 கிலோ, கைப்பிடி நடு 40 செ.மீ தூரம். 20 × 9.8 × 0.4 = 78.4 நியூட்டன் மீட்டர். ரென்ச்சின் சொந்த எடையையும் சேர்க்கணும். 1.3 கிலோ, அதை விரலில் சமன் பண்ணிப் பார்த்தா நடு எடை 22 செ.மீ தூரத்தில். அது ஒரு 2.8. மொத்தம் 81.2. ரென்ச்சில் 70-ல் ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்தினேன். 78 வரைக்கும் டிக். 79-ல் ஒரு தடவை டிக், ஒரு தடவை இல்லை. 80-ல் சத்தமே இல்லை. அதாவது கருவி 79 என்கிற இடத்தில் உண்மை 81.2. மூணு சதவீதத்துக்கும் கம்மியான பிழை! டிக் ரென்ச்சுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 6789 தரம் அனுமதிக்கிறதே 4 சதவீதம். என் காரின் கையேடு சக்கர நட்டுக்குச் சொல்றது 85. அந்த வட்டாரத்தில் இந்த 2,500 ரூபாய் ரென்ச் பாஸ்.

சந்தோஷத்தில் கீழ் பக்கமும் பார்த்தேன். 7 கிலோ தொங்கவிட்டா மொத்தம் 30.2 வரும். ரென்ச்சில் 30 வச்சேன், டிக். 32, டிக். 34, அப்பவும் டிக். 36-ல்தான் அடங்கிச்சு. 34-னு சொல்லிட்டு 30-ல் விட்டுடுது. 11 சதவீதம் பிழை. சர்தார்ஜி சிரிச்சார். அந்தத் தரத்தின் 2003-ம் வருஷப் பதிப்பே உச்ச அளவில் 20, 60, 100 சதவீதத்தில்தான் சோதிக்கச் சொல்லுது. 210-ல் 20 சதவீதம் 42. அதுக்குக் கீழே ரென்ச்சில் எண் பொறிச்சிருக்கும், ஆனா உத்தரவாதம் அந்த எண்ணோட வராது. ஸ்பார்க் பிளக், எண்ணெய்த் தொட்டி போல்ட் மாதிரி சின்ன முறுக்கு வேலைக்கு இந்த ரென்ச் ஆகாது. அலுமினியத்தில் மரை போச்சுன்னா மிச்சம் பிடிச்ச பணத்தைப் போல பல மடங்கு போகும். அதுக்குச் சின்ன அளவில் தனி ரென்ச் வேணும்.

இதைவிட முக்கியமா ஒண்ணைக் கத்துக்கிட்டேன். நாம கொடுக்கிற முறுக்கை 100 ரூபாய்னு வச்சுக்குங்க. ஏறக்குறைய 50 ரூபாய் நட்டின் அடிப்பக்க உராய்வுக்குப் போயிடும். 40 ரூபாய் மரை உராய்வுக்கு. போல்ட்டை நீட்டறதுக்கு மிஞ்சறது 10 ரூபாய்! நம்ம சம்பளக் கதைதான். வழியில் செலவெல்லாம் போய் சேமிப்பு 10. இப்போ யாராவது மரையில் எண்ணெய் போட்டு, செலவு 90-லிருந்து 80 ஆயிட்டா? சேமிப்பு 20. அதாவது அதே முறுக்கில் போல்ட்டின் இழுவை ரெண்டு மடங்கு. துரு பிடிச்ச மரையில் இதுக்கு நேர் எதிர். அதனால் மிகச் சரியான ரென்ச்சில் இறுக்கினாலும் போல்ட்டின் உண்மையான இழுவை 25, 30 சதவீதம் முன்னே பின்னே இருக்கும்னு இன்ஜினியர்களே ஒத்துக்கறாங்க. ரென்ச்சின் 3 சதவீதத்துக்காக நான் மண்டையை உடைச்சுக்கிட்டதெல்லாம் பைசா வித்தியாசத்துக்கு ராத்திரி பூரா டாலி பண்ணின மாதிரிதான். மரையை கம்பி பிரஷ்ஷால் சுத்தம் பண்றது, சக்கரமும் ஹப்பும் சேர்ற இடத்தில் துருவைத் தேய்க்கிறது, கையேடு சொல்லாம எண்ணெய் போடாம இருக்கிறது, இதெல்லாம் 20,000 ரூபாய் ரென்ச்சை விடப் பெரிய விஷயம். எஞ்சின் மேல்மூடி போல்ட்டுகளுக்கு இப்போ பல கார்களில் ஒரு முறுக்கு கொடுத்துட்டு, பிறகு இத்தனை டிகிரி திருப்புன்னு சொல்றதும் இந்த உராய்வு ஏமாத்துறதைத் தவிர்க்கத்தான். அந்த வேலை எல்லாம் வீட்டில் வேண்டாம் சாமி.

டிக் சத்தத்தை மட்டும் நம்பறவங்களுக்கு ஒரு சம்பவம் சொல்லணும். 1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினில் இருக்கிற மலாகாவுக்கு. சுமார் 17,000 அடி உயரத்தில் காக்பிட்டின் ஒரு முன்கண்ணாடி அப்படியே பிச்சுக்கிட்டுப் போச்சு. கேப்டன் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் அவர் காலைப் பிடிச்சுக்கிட்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லாரும் பிழைச்சாங்க. முந்தின நாள் ராத்திரிதான் அந்தக் கண்ணாடியை மாத்தியிருக்காங்க. இறுக்கினது முறுக்கைக் கட்டுப்படுத்தற ஸ்குரூ டிரைவரால்தான், அளவு வச்சுத்தான். ஆனா 90 போல்ட்டில் 84 போல்ட் 0.026 அங்குலம் ஒல்லி. மீதி 6 போல்ட்டின் நீளம் கம்மி. பழைய போல்ட்டைக் கையில் வச்சு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருக்காங்க, பட்டியலைப் பார்க்கலை. போல்ட் தப்புன்னு அந்த ஸ்குரூ டிரைவருக்கு எப்படித் தெரியும்? வவுச்சரில் கையெழுத்து இருக்கு, தொகை சரியா இருக்கு, அக்கவுன்ட் நம்பர் மட்டும் வேற. அந்த மாதிரி.

இன்னொரு பொறி அளவுகோலில் இருக்கு. மலிவு ரென்ச்சுகளில் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டர், மறு பக்கம் அடி-பவுண்டு. அவசரத்தில் மாத்திப் படிச்சா, 85-னு வச்சு 115 நியூட்டன் மீட்டர் கொடுத்திருப்பீங்க. 35 சதவீதத்துக்கு மேல பிழை. ரென்ச் மேல தப்பே இல்லை.

போன வருஷம் பொங்கல் முடிஞ்சு சித்தப்பா பொற்கோயில் பார்க்கணும்னு வந்திருந்தார். காலையில் டீ குடிச்சதும் காரேஜில் அந்த ரென்ச்சை எடுத்துப் பார்த்தார். விளக்கினேன். "என் கையையும் ஒருக்கா கணக்குப் பாரு" என்றார். ஒரு சக்கரத்து நாலு நட்டையும் தளர்த்திக் கொடுத்து, சாதா வீல் ஸ்பேனரால் அவரையே இறுக்கச் சொன்னேன். பிறகு ரென்ச்சை 5, 5-ஆ ஏத்தி, நட்டு எப்போ அசையுதுன்னு பார்த்தேன். இது துல்லியமான முறை இல்லை, இருந்தாலும் சொல்றேன். 90, 95, 90. 70 வயசில்! நான் அசந்துபோய் நின்னேன். நாலாவது நட்டு இறுக்கும்போது பாப்பா வந்து "தாத்தா, டிபன் ரெடி"ன்னு கூப்பிட்டா. அது 65.

அவருக்கே அது சிரிப்பு. "பாத்தியா, இட்லி நெனப்பு வந்துருச்சு" என்றார். நான் 85 வச்சு நாலையும் குறுக்கும் நெடுக்குமா டிக் கேட்கிற வரைக்கும் இறுக்கினேன். ஒரு டிக் போதும், ரெண்டாவது டிக்குக்கு இழுத்தா அளவு ஏறிடும். சக்கரம் கழட்டி மாட்டினா 80, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒரு தடவை பார்க்கணும்னு சர்தார்ஜி சொன்னதைச் சொன்னேன். "நாங்களும் லோடு ஏத்தினா அடுத்த டீக்கடையில பாப்போம்" என்றார். வேலை முடிஞ்சதும் ரென்ச்சைக் கடைசி எண் வரைக்கும் தளர்த்தி டப்பாவில் வச்சேன். ஸ்பிரிங்குக்கு ஓய்வு வேணும்னு இதுவும் சர்தார்ஜி பாடம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, இல்லைன்னா 5,000 தடவை இறுக்கினதும் சோதிக்கணும்கிறது தரத்தில் இருக்கு. எனக்கு 5,000 வர இந்த ஜென்மம் போதாது. அதனால் வருஷா வருஷம் டிசம்பரில் மளிகைக் கடைக்காரரிடம் கல் இரவல். இப்போ அவரே 'ஆகயா சீசன்?'னு கேட்கிறார்.

ஊருக்குக் கிளம்பறப்போ சித்தப்பா ரயில் ஜன்னல் வழியா கூப்பிட்டார்.

"ஏண்டா கண்ணு, அதென்ன ரூவா சொன்னே?"

"2,500 சித்தப்பா."

"லாரிக்கு ஆகற மாதிரி பெருசு கிடைக்குமா கேளு. நம்ம பட்டறைப் பசங்களுக்கு வேணும்."

லாரி சக்கரத்துக்கு 500, 600 நியூட்டன் மீட்டருக்குக் குறையாம வேணும். விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். கல்தான் எங்கே கிடைக்கும்னு தெரியலை, 20 கிலோ பத்தாது.